செத்தது என்று எழுதிய பை

என் வீட்டில் யாரும் "செத்துப்போச்சு" என்று சொல்லக் கூடாது. போன் செத்துப்போச்சு, ரிமோட் பேட்டரி செத்துப்போச்சு, எதுவும் கூடாது. என் கணவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர், மறதிக்காரர். குவார்ட்டர்ஸ் சமையலறையில் கரப்பான் மேல் மருந்தை அடித்துவிட்டு "செத்துடுச்சு, கூட்டிப் போடு" என்பார். நான் துடைப்பத்தை வைத்துக்கொண்டு அதன் மீசை ஆடுகிறதா என்று பார்த்தபடி நிற்பேன். கால் மணி நேரம்கூட நின்றிருக்கிறேன். "உனக்கென்ன கிறுக்கா" என்று கேட்டிருக்கிறார். இருக்கலாம். ஆனால் அதற்குக் காரணம் உண்டு.

பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மருத்துவ ஆய்வக நுட்பம் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். ரத்தம், சளி, சீழ், இவைதான் என் பிழைப்பு. வகுப்பு முடிந்ததும் மேசை மேல் கிடப்பதையெல்லாம் பிரித்துப் போட வேண்டும். பஞ்சும் கிருமி வளர்த்த தட்டுகளும் மஞ்சள் பையில், பிளாஸ்டிக் சிவப்புப் பையில், கண்ணாடி நீலப் பெட்டியில், ஊசி வெள்ளை டப்பாவில். முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பேன். இரண்டாம் நாளே மறந்துவிடுவார்கள். நான் கத்துவேன். என் கத்தல் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள், பொய்யில்லை.

மஞ்சள் பையை அப்படியே வெளியே அனுப்பக் கூடாது. ஆட்டோகிளேவில் வைத்து எடுக்க வேண்டும். பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இட்லிக்குப் பதில் கிருமி வேகும். வெந்த பை கீழே கழிவு அறைக்குப் போகும். அங்கிருந்து அதற்கென்றே வரும் வண்டி எடுத்துப்போகும். மாடியிலிருந்து கழிவு அறைக்குப் பைகளைத் தூக்கிப்போகிறவள் எங்கள் துப்புரவுப் பணியாளர். நாற்பது வயதைத் தொடப்போகிறவள். ஒப்பந்தக்காரரின் ஆள். ஆவடியைத் தாண்டி கோவில்பதாகையில் வீடு, பத்தாவது படிக்கிற ஒரே பெண், கணவன் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் காலையில் ஆவடியில் ஒரே பஸ் ஏறி, கரையான்சாவடியில் இறங்கி நடப்போம். அவளை நான் அக்கா என்பேன். என்னைவிட மூன்று வயது சின்னவள் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அக்கா என்பது ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் நாலு வயசுப் பிள்ளையையும் "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவோம். இவளோ முதல் நாளே "இன்னா மேடம், புதுசா வந்துகீறியா நீ" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் பார்த்தால் முதல்வரையும் "நீ" என்றுதான் சொல்கிறாள். அவளுக்கு மரியாதை எல்லாம் "மேடம்", "சார்" என்கிற சொல்லிலேயே முடிந்துபோனது. ஒரு மாதத்தில் அந்த "நீ" எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த ஊரில் என்னை நீ என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு நாள் ஒரு பையைத் தூக்கிப் பிடித்து, "இதுல இன்னா மேடம் எழ்திகீது, ஒண்ணும் பிரியல" என்றாள். ஆட்டோகிளேவ் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவளுக்கு எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்க வரும். ஆங்கிலம் வராது. "உள்ள இருக்கிற கிருமியெல்லாம் செத்துடுச்சுன்னு அர்த்தம்க்கா" என்றேன். "அத்தத் தமிழ்ல எழ்த வேண்டியதுதானே" என்றாள்.

நியாயம்தானே? பையைத் தூக்குகிறவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து பைமேல் எதற்கு? அன்றிலிருந்து கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் "செத்தது" என்று எழுத ஆரம்பித்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும்கூட. பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு அவர்களும் "மேடம், இது செத்ததா, உயிரோட இருக்கா" என்று கேட்கப் பழகினார்கள். அவளோ அந்தச் சொல்லை அப்படியே நம்பினாள். எழுதாத பையை முழங்கை வரைக்கும் உறை மாட்டிக்கொண்டுதான் தொடுவாள். எழுதிய பையை வெறும் கையால் தூக்குவாள். உறையைப் போடச் சொல்லி நான் திட்டினால், "செத்தது இன்னா பண்ணப் போவுது" என்பாள். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஒரு சின்னத் தொல்லை இருந்தது. மெஷினிலிருந்து எடுத்த பை சூடாக, ஈரமாக இருக்கும். மார்க்கர் பிடிக்காது, மை வழிந்துவிடும். ஆறும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை எங்கே? அதனால் பையை மெஷினில் வைப்பதற்கு முன்னாலேயே எழுதிவிடுவேன். எப்படியும் இன்னும் ஒரு மணி நேரத்தில் சாகப்போவதுதானே என்று ஒரு எண்ணம். சாகும் முன்பே செத்தது என்று எழுதுகிறோமே என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்தில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற செய்முறை. இருக்கிற ரத்தம் எப்படிக் காட்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதால், காமாலைக் கிருமி இருப்பது உறுதியான ரத்தநீரைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் வைத்திருந்தோம். அதில் வேறு நோய் எதுவும் இல்லை என்று கூடவே ஒரு தாளும் வந்திருந்தது. அன்று ஒரு பிள்ளையின் கை தவறி ஒரு குழாய் உடைந்திருக்கிறது. என் கத்தலுக்குப் பயந்து, சத்தம் காட்டாமல் பஞ்சோடு சேர்த்து அள்ளி மஞ்சள் பையில் போட்டுவிட்டது. யார் உடைத்தது, ஏன் ஒளித்தது என்பது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது.

அன்று இரண்டு பைகள். மெஷினில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் கொள்ளும். இரண்டிலும் "செத்தது" என்று எழுதி, ஒன்றை உள்ளே வைத்து மூடினேன். மற்றதை மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன். அகமதிப்பீட்டு மதிப்பெண் அனுப்பக் கடைசி நாள் என்பதால் என் மேசைக்குப் போய்க் கணினியில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணி இருக்கும். அவள் வந்து வாசலில் நின்றாள்.

"மேடம், பையில கண்ணாடி கீது போல. குத்திச்சு."

"எந்தப் பை?"

"செத்ததுன்னு எழ்திகீதே, அதுதான். செத்ததுதானே மேடம்?"

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையில் நாற்பத்திரண்டாவது பிள்ளையின் மதிப்பெண் ஓடிக்கொண்டிருந்தது. "செத்ததுதான்க்கா. சோப்புப் போட்டு நல்லாக் கழுவிட்டு டெட்டால் வைங்க" என்றேன். அவள் சரி என்று போய்விட்டாள். என் தலை ஒரு தடவை திரும்பியிருந்தால் மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். முதல் பையே இன்னும் வெளியே வரவில்லை.

நாலு மணிக்கு மெஷினைத் திறந்தேன். முதல் பையை எடுத்து வைத்துவிட்டு இரண்டாவதற்காகக் குனிந்தேன். தரையில் பை இல்லை.  கீழே ஓடினேன். கழிவு அறையில் இருந்தது. கட்டி, ஒழுங்காக ஓரமாக வைத்திருந்தாள். பக்கவாட்டில் ஒரு கிழிசல், அதில் காமாலை ரத்தநீர்க் குழாயின் உடைந்த கண்ணாடி ஒரு விரல் அகலத்துக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே என் கையெழுத்து. அவள் மூன்றரைக்கே பஸ் ஏறியிருந்தாள்.

அவள் போனுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. துறைத் தலைவருக்கு அடித்துச் சொன்னேன். "சின்னக் கீறல்தானே, நாளைக்கு லீவு. திங்கக்கெழம பாத்துக்கலாம். அதுவரைக்கும் விபத்து ரெஜிஸ்டர்ல எதுவும் எழுத வேணாம்" என்றார். அவரைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. என் மனசுக்கு வேண்டியதைத்தான் அவர் வாயால் சொன்னார்.

ஊசி போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதுதானே என் பாடம். தடுப்பூசி போடாதவருக்கு இப்படிக் குத்தினால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் என்னென்ன ஊசி போட வேண்டும் என்று பலகையில் எழுதிப் போடுகிறவளே நான்தான். அவள் தடுப்பூசி போடாதவள் என்பதும் தெரியும். போன வருஷம் முகாம் நடந்தபோது பெயர்ப் பட்டியல் எழுதியது நான். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நம் கணக்கில் இல்லை என்று அவளை விட்டது நான்.

அதெல்லாம் தெரிந்தும், ஆவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என் வீட்டுக்குப் போனேன். அங்கிருந்து கோவில்பதாகை ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். நான் போகவில்லை. தோசை ஊற்றினேன். துணி மடித்தேன். இரண்டு தடவை செருப்பை மாட்டிக் கழற்றினேன். வேலை போய்விடும் என்ற பயமா, அவள் முகத்தைப் பார்க்கிற பயமா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு இரவை என்னால் யாரிடமும் நியாயப்படுத்த முடியாது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் தெருவில் நின்றேன். லாரித் தண்ணீர் வந்திருந்தது. இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகப் பிளாஸ்டிக் குடங்களோடு எதிரே வந்தாள். கட்டைவிரலில் ஒரு சின்னப் பிளாஸ்திரி.

"இன்னா மேடம், ஊடு தேடிகினு வந்துகீற? வா, டீ போடறேன்."

"அக்கா, நேத்து குத்துச்சே, அந்தப் பை. அது சாகலக்கா."

"இன்னா சாகல?"

"நான் மெஷின்ல போடறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். உள்ள காமாலைக் கிருமி இருக்கற ரத்தம் இருந்துச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவளுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நான் வந்து கேட்டேனே மேடம்" என்றாள். "செத்ததுன்னு சொன்னியே."

"பாக்காம சொல்லிட்டேன்க்கா."

குடங்களைக் கீழே வைத்தாள். பிளாஸ்திரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவள் என்னை நீங்கள் என்றது அதுதான் முதல் தடவை.

"நேத்து நாலு மணிக்கு."

"இப்ப மணி இன்னா?"

"எட்டு."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்தத் தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். குடங்களை உள்ளே வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு, "சோறு வெச்சிகீறேன், துன்னுட்டுப் படி" என்று சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். ஆவடியில் அந்த ஊசி இருப்பு இல்லை, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். மின்ரயிலில் போனோம். இடம் இருந்தும் அவள் எனக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஒரு கைக்கு ஒன்றாக ஊசி போட்டபோது மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். "எப்பக் குத்துனது" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "நேத்து ரெண்டு மணி, எனக்கு லேட்டாத்தான் தெரியும்" என்று சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. டாக்டர், "நேத்தே வந்திருக்கணும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஆறு மாசம் கழிச்சு ரத்தம் பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்" என்றார்.

திங்கட்கிழமை நடந்ததை நடந்தபடி ரெஜிஸ்டரில் எழுதினேன். துறைத் தலைவர் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். ஒப்பந்த ஆட்கள் எல்லாருக்கும் தடுப்பூசி போட வைத்தேன். குழாயை உடைத்த பிள்ளை அழுதுகொண்டே வந்து சொன்னது. அதைப் பார்த்து நான் கத்தவில்லை. என் கத்தல்தானே அந்தக் கண்ணாடியைப் பைக்குள் ஒளிக்க வைத்தது.

அந்த ஆறு மாதம் நான் பட்ட பாடு இருக்கிறதே. காமாலை வந்தால் கண்ணில்தான் முதலில் தெரியும். தினமும் காலையில் அவள் கண் வெள்ளையைப் பார்த்தாக வேண்டும் எனக்கு. நேரே பார்த்தால் தெரிந்துவிடும் என்று, ஜன்னல் ஓரம் அவள் வரும்போது, "அக்கா, அங்க மேல ஒட்டடை இருக்கா பாருங்க" என்பேன். அவள் மேலே பார்ப்பாள், நான் கண்ணைப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை அவள் முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு வருவாள்.  மஞ்சள் தோலிலா, தோலுக்கு மேலேயா என்று உற்று உற்றுப் பார்ப்பேன். மூன்றாவது மாதம் ஒரு நாள் ஒட்டடைக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அங்க ஒட்டடையே இல்ல மேடம். என் கண்ணு வெள்ளையாத்தான் கீது. பாத்துக்கோங்க" என்று முகத்தை எனக்கு நேரே காட்டினாள். அன்றைக்கு நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

அவள் மகளுக்குத் தலை வாருவதை நிறுத்தியிருந்தாள். இதுவும் எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஆவடி பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வகிடு ஒரு பக்கம், பின்னல் ஒரு பக்கம். "எங்கம்மா சீப்பத் தொட வுட மாட்டேங்குது ஆண்ட்டி. தட்டு வேற, தம்ளர் வேற. பக்கத்துல படுக்கவும் கூடாதாம்" என்றாள். நான் அக்காவிடம் போய், தலை வாருவதால் இது ஒட்டாது, கூடப் படுத்தால் ஒட்டாது, டாக்டரே சொன்னாரே என்று மன்றாடினேன்.

"சொன்னாரு" என்றாள். "நீங்களும்தான் சொன்னீங்க."



பைகளில் இப்போது "செத்தது" என்று எழுதுவதில்லை. வெந்து ஆறிய பிறகு தேதியும் நேரமும் எழுதி ஒட்டுகிறேன். அவள் அதைப் படிப்பதே இல்லை. எந்தப் பையானாலும் உறை போட்டுக்கொண்டு, முதலில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பாள். பிறகு குனிந்து மோந்து பார்ப்பாள். வெந்த பைக்கு ஒரு வாசனை உண்டு, அடிப்பிடித்த கஞ்சி மாதிரி. அது வந்தால்தான் தூக்குவாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

ஆடி பிறந்தது. பூந்தமல்லி சாலை முழுக்க மஞ்சள் புடவை. திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் பஸ்ஸிலும் ஷேர் வேனிலும் கையில் வேப்பிலையோடு நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். அவளும் மஞ்சள் கட்டிக்கொண்டுதான் வந்தாள். ஆறாவது மாதம் முடிந்திருந்தது. ரத்தம் எடுக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் வேண்டாம் என்றாள். சரி என்றேன். அதே பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு வாங்கும் நாளில் அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் ஒருத்தியே போய் வாங்கி வந்தேன். ரயிலில் அந்தத் தாளை எத்தனை தடவை பிரித்துப் படித்தேன் என்று எண்ணவில்லை. எழுத்து மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது.

அவள் மாடிப்படி கழுவிக்கொண்டிருந்தாள். மஞ்சள் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். தாளை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"இல்லக்கா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. கிருமி இல்லன்னு வந்திருக்கு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தாள். எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து நகர்த்தினாள். குத்திய கட்டைவிரல்தான். அதில் வெள்ளையாக ஒரு கோடு இன்னும் இருந்தது.

"இத்த யாரு எழ்துனது?"

"யாரும் எழுதலக்கா. மெஷின் பாத்துச் சொல்றது, அப்படியே அச்சாகி வரும்."

"கையால எழ்துனது இல்லியா?"

"இல்லக்கா."

 வாளியில் குழாய்த் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"நீ எழ்தல இல்ல?"

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த "நீ" திரும்ப வந்தது. அது வந்த இடம் இதுதான்.

"இல்லக்கா. நான் எழுதல."

"அப்ப சரி" என்றாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குழாயை மூடினாள். "இன்னிக்கு அரமணி முன்னாடி போறேன் மேடம். பொண்ணு தல சிக்குப் புடிச்சிக் கெடக்கு."